அக்கரைக்குப் போகிற மாப்பிள்ளை

கடவுச்சீட்டில் எத்தனை வகை இருக்கிறதென்று பெண் பார்க்கப் போன அன்றுதான் எனக்கு உறைத்தது. ராஜதந்திரிகளுக்கு ஒன்று, அரசாங்க அலுவலாகப் போகிறவர்களுக்கு ஒன்று, எல்லா நாட்டுக்கும் போகிற மற்றவர்களுக்கு ஒன்று. கடைக்குட்டியாக, இந்தியாவுக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒன்று. என்னிடம் இருந்தது அந்தக் கடைக்குட்டி. தலைமன்னாரில் கப்பல் ஏறி அம்மாவை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போக எடுத்தது.

அந்த வருடம் மடுக் கோயில் திருவிழாவில், யாத்திரிகர் தங்கும் கொட்டில்களில் எங்களுக்குப் பக்கத்தில் முருங்கன் ஊர்க் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பெண் தண்ணி கொதிக்கவைக்க எங்களிடம் கேத்தல் இரவல் வாங்கினாள். திருப்பித் தரும்போது, "உங்கட கேத்தல் ஒழுகுது, தெரியுமோ?" என்றாள். இரவல் வாங்கியவள் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அன்று வரவில்லை. ஊருக்குத் திரும்பி ஒரு கிழமை முழுக்கக் கேத்தலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். பிறகு நானே கலியாணத் தரகரைப் பிடித்தேன். இவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

தரகர் தலைமன்னார் இருக்கிற எங்கள் தீவுக்காரர். பெண்ணின் தகப்பனிடம் போய், "மாப்பிள்ளை பேசாலையில ஐஸ் மெசின் பாக்கிறவர். அக்கரைக்கும் போய்வாற ஆள்" என்று ஒரு போடு போட்டிருக்கிறார். எங்களுக்கு அக்கரை என்றால் ராமேஸ்வரம் பக்கம், வேறு அர்த்தமே கிடையாது. முருங்கனில் வயலும் குளமுமாக வாழ்ந்த மனுசனுக்கோ அது கடலுக்கு அப்பால் உள்ள உலகம் முழுவதும். அவருடைய மூத்த மருமகன் அப்போது குவைத்தில் இருந்தார். நானும் அந்தப் பக்கம்தான் என்று நினைத்துவிட்டார்.

பெண் பார்க்கப் போனோம். தேத்தண்ணி பாதி குடிக்கவில்லை, "தம்பி, பாஸ்போட் கொண்டுவந்தனீரோ? ஒருக்காப் பாப்பம்" என்றார் தகப்பன். தரகர் சொன்னபடி சேர்ட் பொக்கற்றில் வைத்திருந்தேன். ஏன் என்று அவரைக் கேட்காத மடையன் நான்.

தகப்பன் அதைப் புரட்டிப் பார்த்து, ஆங்கிலம் என்றதும் மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, இதை வாசி. எங்கையெங்கை போகலாமெண்டு போட்டிருக்கு?"

அவள் கதிரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். 'இந்தியாவுக்கு மட்டும்' என்ற முத்திரை எந்தப் பக்கத்தில் என்று எனக்குத் தெரியும். அவள் கண் அதில் நின்றதையும் கண்டேன். தரகர் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன், தரகர் என் காலை மிதித்தார்.

"போகவேண்டிய இடத்துக்குப் போகலாம், அப்பா" என்றாள் அவள்.

சம்மதம் சொன்னார்கள். ஏமாற்றிக் கட்டுவதைவிட இழப்பது மேல் என்று, அடுத்த நாள் பஸ் ஏறித் தனியாகப் போய்த் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப குவைத் இல்லையோ?" என்றவர் மகளிடம் திரும்பினார். "நீ வாசிச்சனியெல்லோ?"

"வாசிச்சனான். இந்தியாவுக்கு மட்டும் எண்டு கிடந்தது."

"பிறகேன் சொல்லேல்லை?"

அவள் அறை வாசலைப் பார்த்தாள். அங்கே தமக்கை குழந்தையோடு நின்றிருந்தாள். "அத்தானிட்ட எல்லா நாட்டுக்கும் போற பாஸ்போட் இருக்கு, அப்பா. தன்ர பிள்ளையின்ர முகத்தை அவர் இன்னும் காணேல்லை. இவர் எங்கை போனாலும் இந்தக் கிட்டத்துக் கப்பலிலதான் போகவேணும், கப்பலிலதான் திரும்பி வரவேணும்."

தமக்கை குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். தகப்பன் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்புவதா, இருப்பதா என்று தெரியாமல் கதிரை நுனியில் இருந்தேன்.

கடைசியில், "அந்தக் கப்பல் எத்தினை மணித்தியாலம்?" என்று கேட்டார்.

"மூண்டு மணித்தியாலம், மாமா" என்றேன். 'மாமா' வாய் தவறி வந்துவிட்டது. அவர் திருத்தவில்லை.