வெள்ளை பூத்த பக்கெட்

சாக்கடையாகிப்போன நொய்யல் ஆற்றுக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டுமே என்று, அந்தச் சரவணம்பட்டி அடுக்குமாடிப் பெண்கள் ஆடிப் பெருக்குக்குத் தங்கள் நீச்சல் குளத்திலேயே பூவும் வெல்லமும் விட்டுக் கும்பிட்டார்கள். குளத்தைப் பராமரிக்கும் ஜெரோம் வாயைத் திறக்கவில்லை. சாமி காரியத்தில் வேதக்காரன் தலையிட்டான் என்று பேச்சு வந்தால் யார் கேட்பது? ரெண்டொரு நாளில் குளம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துவிட்டது.

"ஏம்ப்பா ஜெரோம், ஞாயித்துக்கிழமை பேரனுக்குப் பொறந்தநாளு. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கோணும். இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் சங்கச் செயலாளர் பாலுசாமி.

"செஞ்சுபோடறேனுங்க."

சூலூரில் தறி ஓட்டி, தறி நின்றுபோய், நாயாய் அலைந்து பிடித்த வேலை இது. மனைவி கிருபாவுக்கும் இங்கேயேதான், கழிவறை கழுவும் வேலை.

போர்வெல் தண்ணீரில் காரத்தன்மை கூடுதல். அதைக் குறைக்காமல் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் பாசி சாகாது. முதலில் ஆசிட் விட்டு, பம்பை ஓடவிட்டு, அது நன்றாகக் கலந்த பிறகுதான் குளோரின். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் கிளம்பும் புகை ஆளையே தூக்கிவிடும். இதெல்லாம் ஜெரோமுக்குத் தெரியும். கிருபாவிடம் மட்டும், "என் பக்கெட்டத் தொடாத" என்று அதட்டி வைத்திருந்தான். ஏன் என்று சொன்னதில்லை. சிடுமூஞ்சியிடம் அவளும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை குளோரினைக் கரைத்து ஊற்றிவிட்டு, சுவர்ப் பாசியைத் தேய்த்துத் தேய்த்து ஜெரோமின் தோள்பட்டை கழன்றுவிட்டது. பாவம் மனுஷன், பக்கெட்டையாவது கழுவி வைப்போம் என்று கிருபா பம்ப் அறைக்குள் போனாள். பக்கெட்டின் அடியெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. போர்த் தண்ணீர் புழங்குகிற இடத்தில் வெள்ளை என்றால் உப்புக்கறை. உப்புக்கறைக்கு ஆசிட். தினமும் அவள் செய்கிற வேலைதானே! கழிவறை ஆசிட்டை அதில் ஊற்றி, குனிந்து தேய்த்தாள்.

அது உப்பில்லை. கரையாமல் தங்கிய குளோரின் தூள்.

இருமல் கேட்டு ஜெரோம் ஓடினான். அறை நிறைய மஞ்சள் புகை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளை வெளியே இழுத்துப் போட்டான்.

"கிருபா! அம்மணி! மூச்ச இழு!"

"பக்கெட்டு... கறையா இருந்துச்சுங்க..." என்றாள். அதற்கு மேல் இருமல் விடவில்லை. பெரியாஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ஜெரோம் வாசலிலேயே கிடந்தான். தெரிந்த ஜெபமெல்லாம் பாதியில் மறந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் வெளியே வந்து, தலையை மட்டும் ஆட்டினார்.

கொஞ்ச நேரத்தில் பாலுசாமி போனில் கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் கூச்சல்.

"தண்ணி பளிங்காட்டம் ஆயிருச்சப்பா. கிருபாவுக்கு எப்படி இருக்குது?"

"போயிட்டாளுங்க."

கூச்சல் மட்டும் கேட்டது.

"தொடாதன்னு சொன்னேனுங்க. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லாம உட்டுப்போட்டேனுங்க."