எவனும் படிக்கிற முகவரி

இஷ்ராகா போருக்கு முன்னால் ஓம்துர்மான் நகரில் ஒரு பேருந்து கம்பெனியின் இணையதளத்தை நடத்தும் வேலை பார்த்தாள். வாய் சும்மா இருக்காது. பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தாலும், "குறி வைக்கக்கூடத் தெரியாதவன் எவன்டா அது?" என்று திட்டுவாள். நான் அதே ஊரில், அப்பாசியா பேட்டையில் ஆண் நர்ஸ். துப்பாக்கிக்காரர்கள் மருத்துவமனையைச் சூறையாடிய பிறகு, காயம்பட்டவர்களை வீடுகளில் ஒளித்துவைத்துத் தைத்தோம். மூன்று நாளைக்கு ஒரு வீடு. இன்றைக்கு எந்த வீடு என்பதை இஷ்ராகாவின் இணையப் பக்கம்தான் சொல்லும்.

முதலில் அந்தப் பக்கத்தின் முகவரி கண்ணராவியாக இருந்தது. அரபு எழுத்தில் வைத்திருந்தாள். ஒருவருக்கு அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக முழ நீளத்துக்குச் சிதறிப்போகும். ஒரு தகப்பன் அதைப் போனில் கேட்டுப் பாதிதான் எழுதிக்கொண்டார். வயிற்றில் தோட்டா பாய்ந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பிள்ளை விறைத்துப்போயிருந்தது.

அன்றே இஷ்ராகா முகவரியை மாற்றினாள். தளத்தின் பெயர், பிறகு அப்பாசியா, பிறகு காயம். வெறும் ஆங்கில எழுத்தில் அவ்வளவுதான்.

"அடிபட்டவன் வாயால சொன்னாலும் புரியணும், தேடுற மெஷினுக்கும் புரியணும்," என்றாள். ஊருக்கே மனப்பாடமாயிற்று.

எங்களுக்கு மருந்து கொண்டுவரும் பக்ரியைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். துப்பாக்கிக் கட்டையால் பல்லை உடைத்துப் போனைப் பிடுங்கினார்கள். ஒருவன் அதிலிருந்த முகவரியை எழுத்துக்கூட்டிப் படித்துப் பக்கத்தைத் திறந்தான்: "அப்பாசியா... காயம்... டேய், வீட்டையே எழுதி வச்சிருக்கானுங்கடா!"

நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலில் கிடந்த நான்கு பேரையும் டாக்டர் ஹுசாமையும் சுட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சுவரெல்லாம் ரத்தம். அவர்கள் நாசமாய்ப் போக!

இஷ்ராகா அந்த முகவரியை அழித்தாள். புதியது முப்பது எழுத்துக் குப்பை. பன்னிரண்டு பேருக்கு மட்டும் தெரியும். தன் தம்பி முஸம்மிலுக்குக்கூடச் சொல்லவில்லை. தினமும் சாவடி தாண்டுகிறவன், அடித்தால் சொல்லிவிடுவான் என்று பயந்தாள்.

"பழைய முகவரியில வர்றவங்களப் புதுசுக்குத் திருப்பி விடேன், தங்கச்சி," என்றேன்.

"அவனுங்களையும் சேர்த்தா?" என்று பாய்ந்தாள்.

நான்காம் நாள் நண்பகலில் சந்தையில் குண்டு விழுந்தது. முஸம்மிலின் தொடையில் இரும்புத் துண்டு. யாரோ இரண்டு பேர் அவனைக் கழுதை வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தோம். அவனை நாங்கள் பார்த்தது பிணமாகத்தான்.

அடக்கம் முடிந்ததும் இஷ்ராகா மடிக்கணினியைத் திறந்தாள். தளத்துக்கு யார் யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"இவன் போன்தான் இது. பழைய முகவரியப் பதினேழு தடவை கேட்டிருக்கான், அண்ணே," என்றாள். "பதினேழு தடவையும் 'அப்படி ஒரு பக்கமே இல்ல'ன்னு நான் பதில் சொல்லியிருக்கேன்."