சலவைக்கூடத்து ஜாக்கி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜாக்கி என்று பெயர். பஞ்சரான வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கி. கூட வேலை பார்க்கும் பெண்கள் வைத்தது. அங்கே பெரிய எந்திரத்தில் வெளுத்த போர்வைகள் ஒன்றோடொன்று கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கிடக்கும். மற்றவர்கள் இருவராகச் சேர்ந்து இழுப்பதை அவள் ஒருத்தியாக இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஈரப் போர்வையை யாரும் எடை என்று நினைப்பதில்லை. அதனால் அவளையும் யாரும் பலசாலி என்று நினைக்கவில்லை. சிரிப்பதற்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

வீட்டில் அந்தப் பெயர் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் பலசாலி அவள் கணவர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். சொந்த லாரி, மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் மாடல். தெருவில் அவரை லாரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒற்றை ஆளாக ஒரு ஃபிரிட்ஜை மூன்றாவது மாடிக்கு ஏற்றியவர் என்பது அவரைப் பற்றி எவரும் முதலில் சொல்லும் செய்தி. கல்யாணப் பேச்சின்போதே அவருடைய அக்கா அதைச் சொல்லிவிட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரு ஜாடியின் மூடி இறுகிக்கொண்டது. லாரிக்காரர் வெறுங்கையால் முயன்றார், துணி சுற்றி முயன்றார், பிறகு கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் அவள் திறந்துவிட்டாள். வேண்டுமென்று இல்லை, கை பாட்டுக்குத் திறந்தது. திரும்பி வந்தவர் ஜாடியைப் பார்த்தார்.

"நான் தளர்த்தி வெச்சது" என்றார். முகம் மட்டும் சாயங்காலம் வரை நேராகவில்லை.

மறுநாளிலிருந்து அவள் மூடிகளை அவரிடம் நீட்ட ஆரம்பித்தாள். லேசாக இருந்தால் அடுக்களையிலேயே ஒரு இறுக்கு இறுக்கிவிட்டு எடுத்து வருவாள். பிறகு கேஸ் சிலிண்டர், கட்டில் நகர்த்துவது, அரிசி மூட்டை. "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்." அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வருவார். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேறு வேறு ஊர்களுக்குப் போன பிறகும் இது நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமமில்லாததுதான் அவளுக்கு இருந்த ஒரே பிரச்சினை.

சில மாதங்களுக்கு முன் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் டாக்டர், இனிமேல் கனமே தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். லாரிக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரிடம் இருந்த இரண்டு சுமையாட்கள் வேறு வண்டிக்குப் போனார்கள். தெருவில் யாரைப் பார்த்தாலும் லாரிக்காரர் எழுந்து உள்ளே போனார். சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்வதைக்கூட நிறுத்தியபோது அவள் உண்மையிலேயே பயந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்தவரை எழுப்பியது லாரிதான். பக்கத்துத் தெரு பள்ளிக்கூட ஆசிரியர் வீடு மாறுகிறார், அடுத்த ஞாயிறு வண்டி வருமா என்று கேட்டிருந்தார். ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் லாரியும் படுத்திருந்தது. அதன் மேனிஃபோல்டில் விரிசல். எஞ்சினின் விலாவில் ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்புக் குழாய்க்கூட்டம் அது. காற்றும் பெட்ரோலும் கலந்து அதன் வழியாகத்தான் உள்ளே போகும். விரிசல் வழியே வேண்டாத காற்றும் புஸ்ஸென்று புகுந்ததில், வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கி நின்றுவிடும். அதே மாடல் லாரி ஒன்று பழைய இரும்புக் கடையில் உடைபடுவதாகக் கேள்விப்பட்டு, நல்ல மேனிஃபோல்ட் ஒன்றை அதிலிருந்து வாங்கிவிட்டார். கடைக்காரனே கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனான்.

பழையதைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கீழே கிழிந்த மெத்தையை விரித்து, கம்பியால் நெம்பினார். தொப்பென்று விழுந்தது.

"கழட்டும்போது விழலாம். மாட்டும்போது விழக்கூடாது" என்றார், எதிரில் யாரும் இல்லாவிட்டாலும்.

அவளுக்கு விடுமுறை நாள் அது. சலவைத் தூளும் நீலமும் இல்லாத ஒரு காலை. முற்றத்துக்கு வந்தபோது அவர் மண்டியிட்டு, புது மேனிஃபோல்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"எடை பாக்குறேன்."

"கட்டிப்பிடிச்சா?"

"முப்பது கிலோ தேறும்."

"தையல் பிரிஞ்சா நான் ஊசியும் நூலும் எடுத்துக்கிட்டு வரமாட்டேன், சொல்லிட்டேன்."

அவர் அதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "அப்ப யார் தூக்குறது? பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடவா? லாரிக்காரனுக்கே ஆள் வேணுமாம்னு தெரு முழுக்கத் தண்டோரா போட்டுடுவான்."

"நான் பிடிக்கிறேன்."

அவர் சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கும். கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு என்பதால் அவள் கோபப்படவில்லை.

"இது போர்வை இல்லம்மா."

"கஷ்டப்பட்டுப் பிடிக்கிறேன்."

அவர் விளக்கினார். எஞ்சின் விலாவில் ஸ்டட் என்கிற திருகுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் கேஸ்கெட் தொங்குகிறது. இரண்டு இரும்புக்கும் நடுவே காற்று கசியாமல் இருக்க வைக்கும் தாள் போன்ற தகடு. அவரே கத்தரியால் வெட்டியது. இன்னொன்று வெட்டத் தகடு இல்லை. மேனிஃபோல்டை நேராக ஸ்டட்டுகளில் செருகி, ஒரு விரல் இடைவெளி விட்டு அப்படியே பிடிக்க வேண்டும். அவர் அடியில் படுத்து, கேஸ்கெட்டைச் சரிபார்த்து, கீழ் நட்டுகளைப் பிடிக்க வைப்பார். நடுவில் கை இறங்கினால் கேஸ்கெட் கிழியும். கிழிந்தால் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றால் மறுபடி நாற்காலிதான் என்பது இருவருக்கும் தெரியும். அவளுக்கு இன்னொன்றும் தெரியும். தூக்க வேண்டும், சுலபமாகத் தூக்கிவிடவும் கூடாது.

அவர் மட்கார்டைக் கழற்றி வைத்திருந்ததால் எஞ்சின் பக்கத்திலேயே நிற்க முடிந்தது. பலகையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தார். சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்த சந்தில் அவருக்குத் தெரிந்தது ஸ்டட்டுகளும் இரும்பும் அவளுடைய கைகளும் மட்டும்.

"தூக்கு. மெதுவா."

அவள் தூக்கினாள். தூக்கியதும் ஞாபகம் வந்து "அம்மா…" என்றாள். மருத்துவமனையில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு முனகல் வகைகள் அத்தனையும் அத்துப்படி. இடுப்பெலும்பு முறிந்தவர்களின் முனகல் ஒன்றை எடுத்துவிட்டாள்.

"முடியலைன்னா சொல்லிடு."

"முடியல… ஆனா பிடிச்சிருக்கேன்."

"பாவம்டி நீ" என்றார் அடியிலிருந்து. நிறைவான குரல்.

முதல் நட்டு ஏறிக்கொண்டது. இரண்டாவது கோணலாகப் பிடித்தது. திருப்பி எடுத்தார். மறுபடி வைத்தார். நட்டு விரலிலிருந்து நழுவி அவர் காதருகே விழுந்தது. அவள் முறை தவறாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு அவருடைய அக்கா வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது.

"என் தம்பி எங்க?"

"கீழ இருக்கார் அண்ணி."

"கீழயா? ஐயையோ, டேய்! ஆபரேஷன் பண்ணின உடம்போட லாரிக்கு அடியில என்னடா வேலை?"

"ஒண்ணும் இல்லக்கா. நட்டு."

"நட்டாம். ஒத்தையா ஃபிரிட்ஜைத் தூக்கினவன். இப்பப் பொண்டாட்டி தூக்கிப் பிடிக்க, அடியில படுத்துக் கிடக்கான்." அக்கா அவளைப் பக்கவாட்டில் நின்று அளந்தார். "எல்லாம் யாரால வந்தது? நான் கேக்குறேன், யாரால?"

"அண்ணி, இப்ப வேணாம். கையில கனம் இருக்கு."

"கனமா? உனக்கு என்ன தெரியும் கனத்தைப் பத்தி? ஒரு ஜாடி மூடியைத் திறக்க அவன் வரணும். சிலிண்டர் மாத்த அவன் வரணும். நாள் பூரா பீரோவும் சோபாவும் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தா, இங்கயும் 'ஏங்க, ஏங்க'. உன் 'ஏங்க'தான் அவன் குடலை இறக்கினது."

இதை அவளே பல தடவை நினைத்திருக்கிறாள். மருத்துவமனை நடையில், அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது நினைத்தாள். அதையே வேறொருவர் வாயால், அதுவும் இவர் வாயால் கேட்டபோது, அவளுக்கு முனகல் மறந்துபோயிற்று.

"என்ன சொன்னீங்க? நான் தூக்க முடியாமயா அவர்கிட்ட குடுத்தேன்? அந்த சிலிண்டரை நான் ரெண்டா தூக்குவேன். அவர் முகம் வாடக்கூடாதேன்னு குடுத்தேன்! கல்யாணமான நாள்லேர்ந்து குடுத்துக்கிட்டு இருக்கேன். நீங்க வந்து எனக்குக் கனம் சொல்லித் தர்றீங்களா?"

சொல்லச் சொல்ல அவளுடைய வலது கை விரலை நீட்டி அண்ணியின் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா அந்த விரலைப் பார்த்தார். பிறகு இடது கையைப் பார்த்தார். அந்த ஒரு கையின் பிடியில், ஒரு விரல் இடைவெளி ஒரு விரலாகவே இருக்க, மேனிஃபோல்ட் ஆடாமல் அசையாமல் நின்றது. அக்கா இரண்டடி பின்வாங்கினார். அந்த முற்றத்தில் அதுவரை நடக்காத காரியம் அது.

லாரிக்கு அடியில் நட்டைத் திருகிய விரல்கள் நின்றுவிட்டன.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வலது கையை மெல்லக் கொண்டுபோய் இரும்பின் மேல் வைத்தாள். இனி முனகுவதில் பயனில்லை. அடியில் அவர் கண்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கவும் தைரியம் இல்லை.

அடியிலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கை சும்மாதானே இருக்கு. அரை இஞ்சு ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது நட்டு பிடித்தது, மூன்றாவது பிடித்தது. "தள்ளு" என்றார், தள்ளினாள். இரும்பு இரும்போடு போய் உட்கார்ந்தது. கேஸ்கெட்டில் ஒரு கீறல் இல்லை. அக்கா, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பால்காரர் அவர் வீட்டுக்கு மாலையில்தான் வருவார்.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் லாரி இருமியது, பிறகு நடுக்கமில்லாமல் ஓடியது. லாரிக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார். நிறுத்தினார். கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். சாப்பிட்டார். அவள் பரிமாறினாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மூடி மட்டுமா?"

"சிலிண்டரும்."

"கட்டில்?"

"கட்டிலும்."

"அரிசி மூட்டை?"

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் எழுந்து போய் லாரியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியே அவருடைய பின்தலை தெரிந்தது. அவள் பாத்திரங்களைத் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள். நாற்காலிக்குப் பதிலாக லாரி ஸீட், வேறொன்றும் மாறவில்லை என்று தோன்றியது. இந்த மனுஷனை மறுபடி எந்த மூடியைக் கொடுத்து எழுப்புவது?

ஹாரன் அடித்தது. மறுபடி, விடாமல் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"என்னங்க?"

"ஏறு."

"எங்க?"

"அந்த வாத்தியார் வீட்டுக்கு. சாமானைப் பாத்துட்டு வரலாம். தூக்கப்போறவ பாக்க வேணாமா?"

அவள் படியில் கால் வைத்தபடி நின்றாள். அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் ரெண்டு சுமையாளுக்குச் சோறு போட்டு வெச்சிருந்தேன்" என்றார். "வீட்டுக்குள்ளயே ஜாக்கி இருந்திருக்கு."

"அந்தப் பேரை யார் சொன்னா?"

"எந்தப் பேரை?" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வாசலில் நின்று லாரியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "ஆள் யாரும் வரலையா?"

"வந்தாச்சே சார்."

மாடிப்படியில் இறக்கும்போது பீரோவின் மேல்முனையை அவள் பிடித்தாள். கீழ்முனைக்கு ஆசிரியரும் அவர் தம்பியும். முதல் வளைவிலேயே தம்பி மூச்சு வாங்கிக் கீழே வைக்கச் சொன்னான். லாரிக்காரர் வாசல் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். இடது பக்கம் சாய், காலை முதல்ல விடு, அவசரமே இல்லை.

ஆசிரியர் நெற்றியைத் துடைத்தார். "உங்க வீட்டம்மாவுக்கு இவ்வளவு பலமா?"

"பலம் என்ன சார் பலம். எல்லாம் முறை. நான் பழக்கினது."

"பொய்!" என்றது படிக்கட்டின் மேலிருந்து ஒரு குரல்.

ஆசிரியரின் தம்பி பீரோவைப் பிடித்தபடி சிரித்துவிட்டான். லாரிக்காரர் மேலே பார்த்தார், ஆசிரியரைப் பார்த்தார், கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தார்.

"பொய்தான் சார்" என்றார். பிறகு மேலே பார்த்து, "சுவரைக் கீறிடாத!"