ரதி ஓட்டும் ஆட்டோ

இலங்கை மலையகத்தில், நோர்வூட் டவுனில் ஆட்டோ ஓட்டும் கிஷாந்த், வருஷத்தில் சில நாள் பெண்ணாக இருப்பான். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால் அவன்தான் ரதி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மன்மதன் சாம்பலாகிப்போவான். அந்தச் சாம்பலைச் சுற்றிவந்து ரதி ஒப்பாரி வைப்பாள். கிஷாந்த் வைக்கும் ஒப்பாரி லேசுப்பட்டதல்ல. அவன் முதன்முதல் ரதி கட்டிய வருஷம் காசல்ரீ நீர்த்தேக்கம் கரை தளும்பிவிட்டது. மழையினால் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் குடியிருக்கும் சனங்களுக்கு உண்மை தெரியும்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு வலிப்பு வந்து, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தான். "புள்ளயக் காப்பாத்திக் குடு, ரதி கட்டி ஆட விடுறேன்" என்று காமன் பொட்டலில் விழுந்து வேண்டிக்கொண்டவள் அவனுடைய அம்மா வீரம்மா. பிள்ளை பிழைத்தான், வளர்ந்தான், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிப் பார்த்தான், சரிவரவில்லை என்று ஊருக்கே வந்து ஆட்டோ ஓட்டத் தொடங்கினான். நல்ல அடர்த்தியான மீசை. மாசி நெருங்கினால் அதை வழித்துவிடுவான். மீசை போன அன்றைக்கே, கம்பம் ஊன்றும் நாள் கிட்டிவிட்டதென்று டவுனுக்குத் தெரிந்துவிடும்.

போன வருஷக் கூத்தில் ஒரு சின்ன விபத்து. ஒப்பாரியின் உச்சத்தில் ரதியின் கிரீடம் மூக்குவரை இறங்கி, மூக்குத்தி சேலையில் மாட்டி, குரலும் உடைந்துபோனது. நேரில் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே லயத்துப் பையன், கொழும்பில் போன் கடையில் வேலை செய்யும் விஜிதரன், அதைப் படம் பிடித்திருந்தான். சித்திரையில் பொழுதுபோகாத ஒரு நாள், அந்த இடத்தை மட்டும் வெட்டி, கிஷாந்தின் குரலுக்குப் பதிலாக ஆடு கத்துவதைச் சேர்த்து, 'மலைச்சிரிப்பு' என்ற தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டான்.

அவ்வளவுதான். நோட்டன் பிரிட்ஜிலிருந்து துபாய்வரைக்கும் ஆடு கத்தியது. முன்பின் தெரியாதவனெல்லாம் அந்த வீடியோவுக்குக் கீழே வந்து, கிஷாந்த் ஆணா பெண்ணா என்று விசாரித்தான். வீரம்மாவைப் பற்றியும் எழுதினான். ஸ்கூல் பிள்ளைகள் ஆட்டோவைக் கண்டால் "மே...ஏ" என்றார்கள். பொகவந்தலாவ பஸ் கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு, சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து, "ரதி நங்கி!" என்று கூப்பிட்டான். கல்யாணம் பேசிவைத்திருந்த சுலக்ஷனா வீட்டிலிருந்து, "இப்போதைக்கு வேணாம்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

கிஷாந்த் போனை அணைத்தான். அப்புறம் பேச்சையும் அணைத்துவிட்டான். வாயைத் திறந்தால் ஆட்டுச்சத்தம் வந்துவிடுமோ என்று அவனுக்கே ஒரு பயம். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காசல்ரீ கரையில் ஆட்டோவை நிறுத்தி, வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கண்டு சொல்ல, அன்றிலிருந்து வீரம்மா ஆட்டோச் சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஐப்பசியில் ஒரு தடவைதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. விஜிதரனுடைய அப்பா அழகனை மலையில் குளவி கொட்டிவிட்டது. கிஷாந்த்தான் அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். வாசலில் நின்று, அணைத்துவைத்திருந்த போனைத் திறந்து விஜிதரனுக்கு அடித்தான். சண்டைக்குத்தான் அடிக்கிறான் என்று நினைத்து விஜிதரன் அழைப்பை வெட்டினான். மறுபடி அடித்தான், மறுபடி வெட்டினான். அழகன் மகனுடைய குரலைக் கேட்காமலே போய்விட்டார்.

மாசி நெருங்கியது. மீசை அப்படியே இருந்தது. கூத்துக் கமிட்டித் தலைவர் சோலைமலை வீட்டுக்கு வந்து, பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"கோவிச்சுக்காத தம்பி. கொரலு ஒடையாத முந்தின வருசத்து ஒப்பாரி என் மகன் போன்ல கெடக்கு. அத ஸ்பீக்கர் பொக்ஸ்ல போட்டுட்டு, வேற ஒரு பயலுக்குச் சேலயச் சுத்தி ஒக்கார வச்சிருவோம். அவன் வாய மட்டும் அசச்சா போதும்."

மாதக்கணக்கில் வாய் திறவாதவன் திறந்தான். "என் கொரலு வேணும், என் மூஞ்சி வேணாமா?"

"தோட்டத்து மானம்னு ஒன்னு இருக்குல்ல தம்பி."

"யாருக்குண்ணே மானம் போச்சி? அழுதவனுக்கா, அத வெட்டுனவனுக்கா?"

சோலைமலை காலிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"அம்மா, பிளேட் எங்க?" என்றான் கிஷாந்த்.

அடுப்படியிலிருந்து வீரம்மா ஓடி வந்தாள். "எதுக்குடா?"

"மீசய வழிக்க."

அவள் பிளேடும் எடுத்து வந்தாள். கண்ணாடியையும் தானே பிடித்துக்கொண்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை அவன் கையில் வைத்தாள்.

போன வருஷம் சரிந்த கிரீடத்துக்கு ஜிகினா ஒட்ட, டவுனில் இக்ராமின் ஸ்டிக்கர் கடையில் கொடுத்திருந்தான். அதை வாங்க யாரையாவது அனுப்பியிருக்கலாம். பச்சைச் சேலை, வளையல், ஒட்டியாணம் எல்லாம் கட்டி, முகத்தில் அரிதாரம் பூசி, பட்டப்பகலில், கடைவீதி நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, ரதியே ஆட்டோ ஓட்டிக்கொண்டு போனாள். மரக்கறிக்காரன் தராசில் வைத்த முட்டைக்கோவாவை மறந்தான். பொலிஸ்காரர் மறிக்கக் கையைத் தூக்கி, அதே கையால் கும்பிட்டார்.

ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் பல்லைக் காட்டினான். "ரதி, ஒரு ஹயர் போவமா?"

"போவோமே. ஏறு! மன்மதனே சாம்பலாத்தான் எறங்குனான். ஒன் வீட்டுக்காரிகிட்ட செம்பக் குடுத்துட்டு வா, அள்ளிட்டுப் போகட்டும்."

ஸ்டாண்டே அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் அடுத்த ஒரு வாரம் வேறு ஸ்டாண்டில் ஓடினான்.

கூத்து நடந்தது, மன்மதன் எரிந்தான். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம்: மறுநாள் பகலில் ரதி லயம் லயமாகப் போவாள். அந்த வருஷம் சாவு விழுந்த வீடுகளில், வாசலில் உட்கார்ந்து, செத்தவர் பேரைச் சொல்லி அழுவாள். முதலில் வீட்டு மகன் மஞ்சள் தண்ணீரால் அவள் காலைக் கழுவ வேண்டும். ரதி எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது.

அழகன் வீட்டு வாசலில், கொழும்பிலிருந்து வந்திருந்த விஜிதரன் செம்போடு நின்றான். பக்கத்தில் அவனுடைய அம்மா லெட்சுமி. ரதி இந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவாளா என்று லயமே எட்டி எட்டிப் பார்த்தது. தாண்டினால், அழாமல் விட்ட சாவாகிவிடும் அழகனுடைய சாவு.

ரதி நின்றாள். "போன எடுறா."

விஜிதரன் சட்டைப்பையைத் தடவினான். "மச்சான்..."

"ரதிய மச்சான்னு கூப்புடுறான் பாரு. போன எடுத்து ஜன்னல்ல சாச்சி வை. ஓடட்டும். நான் எந்திரிக்கிற வரைக்கும் நீ தொடப்படாது."

வைத்தான். குனிந்து காலைக் கழுவினான். பாதித் தண்ணீர் அவன் காலில் போட்டிருந்த சப்பாத்தில்தான் விழுந்தது. ரதி வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"கொளவி கொட்டுன மலயில கொழுந்து துளுருதே, அழகா,
கூப்புட்ட எடத்துக்கு ஒன் மகன் கொரலு வரலியே..."

லெட்சுமி தரையில் சாய்ந்துவிட்டாள். குரல் போன வருஷம் உடைந்த அதே இடத்தில் இந்த வருஷமும் உடைந்தது. கிரீடமும் சரிந்தது. கிஷாந்த் அதைத் தூக்கிவிடவில்லை. மூக்குவரை இறங்கிய கிரீடத்தோடேயே அழுதான். ஓடிப்போக வழியில்லாமல், கையில் காலிச் செம்போடு, விஜிதரன் முழுவதையும் கேட்டான். எதிர்மலையில் மேய்ந்த ஆடுகள்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

"நல்லா இரு தாயி" என்று லெட்சுமி அவன் காலைத் தொட்டாள்.

விஜிதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீடியோவ அழிச்சிடுறேன்" என்றான்.

"அழிக்காத. அழிச்சா நான் வெக்கப்பட்டுச் சொன்னதா ஆயிரும். இப்ப எடுத்தத அதுக்குப் பக்கத்துலயே போடு. வெட்டாம, ஆடு கத்தாம."

"மன்னிச்சிருடா."

"ஒங்கப்பாவுக்குத்தான் அழுதேன். ஒனக்கில்ல." சேலையை உதறிக்கொண்டு ரதி அடுத்த லயத்துக்கு நடந்தாள்.

விஜிதரன் சொன்னபடி முழுசாகப் போட்டான். கடைசிவரைக்கும் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். "மே...ஏ" என்று எழுதுகிறவர்கள் இப்போதும் எழுதுகிறார்கள். சுலக்ஷனா வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அது சில நாள் சோற்றில் கல்லாய் நெருடும். ஆனாலும் கிஷாந்த் போனை அணைப்பதில்லை. எழுதுகிறவனுக்கெல்லாம் ஒரே பதில்தான் போடுகிறான்: "அடுத்த மாசிக்கு வாங்க. செம்பு நாங்க தாறோம்."

எரிந்த மன்மதனைக் கூத்தின் முடிவில் எழுப்பிவிடுவார்கள். அப்படி அவன் உயிர்த்தெழுந்த மறுநாள், காலில் மஞ்சள் போகாமலே கிஷாந்த் இக்ராமின் கடைக்குப் போனான்.

"ஆட்டோவுக்குப் பேரு ஒட்டணும் நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

"என்னா பேரு?"

"ரதி."

இக்ராம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஓரத்துல சின்னதா போடுவமா?"

"பின்கண்ணாடி முழுக்க. செவப்புல."

"அடேய், அப்படி ஒட்டுனா பின்னுக்கு வாரவன ஒனக்குத் தெரியாதே!"

"அவன எனக்கு எதுக்கு நானா தெரியணும்? அவனுக்கு என்னத் தெரிஞ்சா போதும்."

அன்றிலிருந்து, பொகவந்தலாவ பஸ்கள் எதுவும் அந்த ஆட்டோவை முந்தியதில்லை என்கிறார்கள்.