முக்கோணத்துக்கு முந்நூற்று அறுபது

என் மகன் என்னை முதன்முதலாக அடித்தது குருத்தோலை ஞாயிறு அன்று. 2020, ஊரடங்கு. கோயில் பூட்டிக் கிடந்ததால் ஆராதனையை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னான். "இதுக்கு மேல குறைச்சா எனக்குக் கேக்காதுடா" என்றேன். கன்னத்தில் அறை விழுந்தது. கண்ணாடி பறந்துபோய் டீப்பாய்க்கு அடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது முதுகில் உதைத்தான்.

அன்பான விசுவாசிகளே, "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். யாரும் என்மேல் பாவப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஆண்டவர் என் உயிரைக் காப்பாற்றினார். எப்படிக் காப்பாற்றினார் என்பதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கிரேஸ். இரும்புலியூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் தவறிப் பல வருடம் ஆகிறது. ஒரே மகன் ஆல்வின், நாற்பதை நெருங்குகிறவன். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. குடியால் மனைவி பிரிந்துபோனாள், பின்னாலேயே வேலையும் போனது. என்னோடு வந்து தங்கினான். ஊரடங்கில் மதுக்கடைகளை மூடினார்கள். ஒளித்து வைத்திருந்ததும் தீர்ந்தது. கிடைக்காத நாளில் கை நடுங்கும், பிறகு அந்தக் கை என்மேல் விழும். எங்கிருந்தோ கிடைத்துவிட்ட நாளில் குடித்துவிட்டு அடிப்பான். அவ்வளவுதான் வித்தியாசம். வேலை போன வருத்தம், மனைவி போன வருத்தம் என்று பலர் எனக்கு விளக்கம் சொல்லிவிட்டார்கள். வேலை போனவர்கள் எல்லோரும் அம்மாவை அடிப்பதில்லை.

எங்களுக்கு ஒரு வகுப்பு உண்டு. ஓய்வு பெற்றவர்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லோருமாகப் புதன்கிழமைதோறும் எங்கள் கோயில் பக்கத்து ஹாலில் கூடுவோம். வாரம் ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பார். பிறகு டீ, பஜ்ஜி, அரட்டை. பொறுப்பு என்னுடையது. ஊரடங்கு வந்ததும், வீடியோவில் கூடுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். மீதிப் பேர் நெற்றியை மட்டும் காட்டுவார்கள். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தேன், நடக்கவில்லை. அதனால் சங்கிலி ஒன்று ஏற்படுத்தினேன்.

தினமும் சாயங்காலம் அன்றைய ஆசிரியர் மூன்றே வாக்கியத்தில் ஒரு பாடத்தை அடுத்தவருக்குப் போனில் சொல்வார். அவர் அதை அடுத்தவருக்குச் சொல்வார். கடைசி ஆள், பாடத்தைத் தொடங்கியவருக்கே போன் போட்டு ஒப்பிக்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி கடத்த வேண்டும், நடுவில் யாரும் திருத்தக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் சங்கிலியில் எனக்கு அடுத்த ஆளான கணபதி சார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அடுத்த தெருக்காரர். என் பாடத்தை ஒப்பிக்கும் கடைசி ஆள் பொழிச்சலூர் ஸ்டெல்லா சிஸ்டர், ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவர். ஒருநாள் அவர், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று தொடங்கிய பாடம் சுற்றி வந்து சேர்ந்தபோது, உப்புத் தண்ணீரில் காலை ஊறவைக்க வேண்டும் என்று ஆகியிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு நாள் முழுக்க எதிர்பார்க்க அந்தப் போன்தான் இருந்தது.

நான் சிரித்துவிட்டுப் போனை வைப்பேன். வைத்ததும் அடி விழும்.

"என்னப் பத்திதான பேசின? அந்தக் கெழங்ககிட்ட என்னா சொன்ன?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பான். பெல்ட்டால் அடித்தான். குடையால், அது உடையும்வரை அடித்தான். பெரிய வெள்ளி அன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். போதகர் சிலுவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், எனக்குப் பல் உடைந்து நாக்கில் கிடந்தது. நான் ஒன்றும் சாது இல்லை. கையில் அகப்பட்ட தோசைத்திருப்பியால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். கன்னம் கிழிந்து ரத்தம் வந்தது. அதற்கும் சேர்த்து வாங்கினேன். விலாவில் மிதித்தான். மூச்சு விட்டால் குத்தும்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. "நீர் இருக்கிறீரா இல்லையா? இருந்தால் என்னைக் காப்பாற்றும்" என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். சுவரைக் குத்திக் குத்திக் கேட்டேன். அதே மூச்சில் இன்னொரு ஜெபமும் செய்தேன். "ஆண்டவரே, இது யாருக்கும் தெரியக் கூடாது." ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த டீச்சர் வீட்டில் இப்படியா என்று தெரு பேசுமே என்ற பயம் எனக்கு அடியைவிடப் பெரிதாக இருந்தது. வீடியோ வகுப்பு நடக்காமல் போனதே நல்லது என்றுகூட நினைத்தேன். வீங்கிய முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம். அன்று பாடம் சொல்ல என் முறை. ஒரு காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து ஒட்டவைத்தால் நேர்கோடு வரும், அதாவது நூற்றெண்பது டிகிரி. அதைத்தான் சொல்லப்போகிறேன். மத்தியானம் சமையலறையில் நின்று காகிதத்தை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"எதுக்கு மம்மி பேப்பர வெட்டற? யாருக்கு எழுதிக் குடுக்கப் போற?"

"பாடம்டா."

"பொய் சொல்லாத."

மேடைமேல் பூரிக்கட்டை கிடந்தது. அவன் அதை எடுத்ததை நான் பார்க்கவில்லை. நெற்றிப் பொட்டில் விழுந்த அடியில் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. விழுந்தேன். விழுந்த பிறகும் தோளில், தொடையில், கையில் அடித்தான். கையால் தலையை மூடினேன், விரலில் அடித்தான். அதற்குப் பிறகு நினைவில்லை. கண் விழித்தபோது தரை ஈரமாக இருந்தது, என் சேலையும் ஈரம். அவன் தண்ணீர் ஊற்றியிருந்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது. அந்தப் பயம்கூட எனக்காக இல்லை.

சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தான். பூரிக்கட்டை அவன் கையிலேயே இருந்தது.

"பேசலன்னா தேடுவாங்க. எப்பவும் போல பேசு. ஒரு வார்த்தை மாறுச்சு, மண்டையப் பொளந்துருவேன்."

கணபதி சார் எடுத்தார். நான் பாடத்தைச் சொன்னேன். "முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கூட்டினா முந்நூத்தி அறுபது டிகிரி."

"முந்நூத்தி அறுபதா டீச்சர்?"

"ஆமா சார்."

"சரி. அனுப்பிடறேன்."

இதைக் கேட்பவர்கள், "டீச்சர், எவ்வளவு சாமர்த்தியமா சிக்னல் குடுத்தீங்க" என்கிறார்கள். நான் எந்தச் சிக்னலும் கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சரியான கணக்கைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். வேறு நாளாக இருந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

நான் சொன்னது தப்பு என்று சங்கிலியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் திருத்தவில்லை. சட்டம் சட்டம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே கடத்தியிருக்கிறார்கள். டீச்சர் நமக்குப் பரீட்சை வைக்கிறார் என்று ஒருவர் நினைத்தாராம். நடுவில் யாராவது ஒருவர் நூற்றெண்பது என்று திருத்தியிருந்தால் இன்று நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். தப்பு அப்படியே போய் ஸ்டெல்லா சிஸ்டரிடம் சேர்ந்தது. அவர் ஒப்பிக்க எனக்குப் போன் போட்டார்.

"டீச்சர், முக்கோணத்துக்கு முந்நூத்தி அறுபது வருமா?"

"வரும் சிஸ்டர்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னிக்கு என்ன கிழமை டீச்சர்?"

"ஞாயிறு" என்றேன். அன்று ஞாயிறு இல்லை. ஆல்வின் போனைப் பிடுங்கி அணைத்தான். "என்னா குறி வெச்சுப் பேசறீங்க ரெண்டு பேரும்?" என்று என் கழுத்தை நெரித்தான். "இயேசுவே" என்று சொல்ல முயன்றேன். அதுகூட வரவில்லை. சத்தம் வராமலே ஜெபித்தேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் அடிதடியை எல்லாம் நினைக்கவே இல்லை. நாக்குக் குழறுகிறது, கிழமை மறந்துவிட்டது, டீச்சருக்குப் பக்கவாதம் என்று முடிவு கட்டினார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கணபதி சாருக்குப் போன் போட்டு, ஓடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் வேட்டியோடு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

வாசலில் இரும்புக் கிரில். ஆல்வின் உள்ளே நின்றுகொண்டு, "மம்மி தூங்கறாங்க, போங்க" என்றான்.

"டீச்சர ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன் தம்பி. தொறங்க" என்றார் கணபதி சார். அதற்குள் ஆம்புலன்சும் வந்துவிட்டது. "ஐயே, இன்னா சார் இது? பேஷன்ட் உள்ள கீதுன்றீங்க, இவரு வூட்டுக்குள்ளயே வுட மாட்றாரு" என்று டிரைவர் கத்தினார்.

நான் சமையலறையிலிருந்து தவழ்ந்து ஹாலுக்கு வந்தேன். கணபதி சார் என் முகத்தைப் பார்த்தார். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கிரில் கம்பிகளுக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்தார். ஆல்வின் பூரிக்கட்டையால் அந்தக் கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எழுபது தாண்டிய மனிதர், அலறிக்கொண்டே தாழ்ப்பாளை இழுத்தார். கதவு திறந்தது. டிரைவரும், சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரரும் பாய்ந்தார்கள். டிவி கவிழ்ந்தது, கண்ணாடி அலமாரி நொறுங்கியது. டிரைவரின் தோளைக் கடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தரையில் அழுத்தி, துண்டால் கையைக் கட்டினார்கள். அவன் "மம்மி, மம்மி" என்று கத்தினான்.

மண்டையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். ராத்திரி தாண்டியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். கட்டுப் போட்ட கையோடு கணபதி சார் பிறகு ஒருநாள் போனில் பேசினார். "தப்புன்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன் டீச்சர். ரூல் எழுதினவனே மீறக் கூடாது இல்லையா?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எனக்குத் தையல் வலித்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் இரண்டு ஜெபம் செய்திருந்தேன். இரண்டையும் ஒருசேரக் கொடுக்க முடியாது. ஆண்டவர் ஒன்றைக் கேட்டார், மற்றதைத் தூக்கி எறிந்துவிட்டார். அதற்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

என் தம்பி ஆஸ்பத்திரிக்கே வந்து, "விழுந்துட்டேன்னு சொல்லிடுக்கா, குடும்ப மானம் போயிடும்" என்றான். அவனை வெளியே போகச் சொன்னேன். போலீசில் புகார் கொடுத்தேன். ஆல்வின் உள்ளே இருந்தான், பிறகு குடியை நிறுத்தும் சிகிச்சையில் இருந்தான். இப்போது தனியாக இருக்கிறான், குடிப்பதில்லை என்கிறார்கள். தினமும் அவனுக்காக ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் பேசுகிறேன். வீட்டுச் சாவி மட்டும் கொடுப்பதில்லை. மன்னித்தவள் சாவியும் கொடுக்க வேண்டும் என்று எந்தப் போதகரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வீடு திரும்பி, கொஞ்சம் தேறியதும் மறுபடி என் முறை வந்தது. ஊரடங்கு முழுதாக நீங்கவில்லை. கணபதி சாருக்குப் போன் போட்டேன். கணக்குச் சொல்லவில்லை. "என் மகன் என்னை அடிச்சான். நான் மறைச்சேன். இனிமே மறைக்க மாட்டேன். இதான் சார் பாடம்" என்றேன்.

"கேட்டபடியே அனுப்பறேன் டீச்சர்."

ஒவ்வொருவரும் அந்த மூன்று வாக்கியத்தையும் தன் வாயால் சொல்லி அடுத்தவருக்குக் கடத்தினார். வழக்கத்தைவிட நேரமானது. கடைசியில் ஸ்டெல்லா சிஸ்டர் போன் போட்டு ஒப்பித்தார். மூன்றும் சரியாக இருந்தன. பிறகு தயங்கினார்.

"இன்னொரு வரியும் இருக்கு டீச்சர். எனக்கு வரும்போதே இருந்துச்சு. நீங்க சொன்னதா?"

"என்ன வரி சிஸ்டர்?"

"'என்னையும் அடிக்கிறாங்க.'"

நான் சொன்னதில்லை. நடுவில் யாரோ சேர்த்திருக்கிறார்கள், மற்றவர்கள் சட்டப்படி திருத்தாமல் அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கே சங்கிலியைக் கடைசியிலிருந்து பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனோம். ஆளைக் கண்டுபிடித்தோம். பெயர் சொல்ல மாட்டேன். இருட்டுவதற்குள் அந்த வாசலில் எங்கள் ஆட்கள் நின்றார்கள். அவர் இப்போது அடி விழாத ஓர் இடத்தில் இருக்கிறார்.

இதைப் படிக்கிற அம்மா, ஐயா, உங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாராவது உங்களை அடித்தால், ஆண்டவரிடம் கதறுங்கள். நிச்சயம் கேட்பார், என் கதறலைக் கேட்டார். ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். இன்றைக்கே ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.