சாட்டா போதும் என்ற என் பிடிவாதம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் ஸ்க்ரூ டிரைவரை விட வாய்க்குத்தான் வேலை அதிகம். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருக்கும் நான் சொல்கிறேன், இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் தலையாட்டுவீர்கள். கம்ப்யூட்டரில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் இரண்டு வகை: சாட்டா, விலை குறைவு, வேகம் ஓரளவு, என்.வி.எம்.இ., பல மடங்கு வேகம், விலையும் கூடுதல். யார் வந்தாலும் வீண் செலவு செய்ய விடமாட்டேன் என்பது என் பிடிவாதம். அதனாலேயே ஒரு பெண்ணின் முதல் பெரிய ஆர்டரைக் கவிழ்க்கப் பார்த்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உட்கார்ந்தது, ஓடவில்லை

செராமிக் யூனிட் வைத்திருக்கும் குமார் அண்ணன் பழைய லேப்டாப்போடு வந்தார். ஆன்லைனில் என்.வி.எம்.இ. வாங்கித் தானே மாட்டியிருக்கிறார். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, லேப்டாப்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. வடிவம் ஒன்றாக இருந்தாலும் அதை மாட்டும் அந்த ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டும்தான் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற மனுஷன், கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

"நாங்க செய்யற ஃபியூஸ் கேரியர் உட்கார்ந்துச்சுன்னா கரண்டு வந்துடும்மா. இது என்னா பொருளு?"

வாத்தியார் டீ

பெண்ணாடத்து வாத்தியார் ஒருவருக்குக் கம்ப்யூட்டரில் மார்க் போடுவதும் மெயில் பார்ப்பதும்தான் வேலை. இருப்பதிலேயே வேகமானதைப் போடு என்று நின்றார். உங்கள் வேலைக்கு வித்தியாசமே தெரியாது என்று சண்டை போட்டு, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு சாட்டாவையே மாட்டினேன். அடுத்த வாரம் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"ஆன் பண்ணிட்டுப் போயி டீ குடிச்சிட்டு வருவேங்க. இப்ப டீக்கு நேரமே இல்ல."

ஸ்டெல்லாவின் கல்யாண வீடியோ

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் ஸ்டெல்லா வந்தாள். புதிதாக வீடியோ ஸ்டுடியோ ஆரம்பித்தவள். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம், முதல் பெரிய ஆர்டர். என்.வி.எம்.இ. கேட்டவளைப் பேசவே விடாமல், சாட்டா போதும் என்று மாட்டி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று கேமராக் காட்சிகளைச் சேர்த்து ஓட்டினால் திக்கித் திக்கி நிற்கிறது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வெளிநாடு கிளம்புகிறார். அதற்குள் வீடியோ கைக்கு வராவிட்டால் அந்த வீட்டின் அடுத்த கல்யாணம் வேறு ஸ்டுடியோவுக்கு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, கடையில் நான் வைத்திருந்த மெஷினிலிருந்து என்.வி.எம்.இ.யைக் கழற்றினேன். அவளுடையதில் அதற்கான ஸ்லாட் காலியாகவே இருந்தது. ஃபைல்களையெல்லாம் மாற்றி, மூன்று காட்சியும் தடங்கலில்லாமல் ஓடும் வரை அவளை விடவில்லை. வியாழன் சாயங்காலம் போன் பண்ணினாள்.

"வீடியோ குடுத்துட்டேன்க்கா. அவங்க வூட்டு அடுத்த கல்யாணமும் எனக்குத்தானாம். அன்னிக்கு என்னா வேலைக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இப்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் பிடிவாதம் பிடிக்கிறேன்.