சித்தியின் ஒற்றை நம்பர்

என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகு காலமாகிறது. "குடைச்சல்" என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். சர்க்கரை என்று ஒட்டியிருக்கும் பொட்டலத்தைக்கூட அழுத்திப் பார்த்து, "உள்ள கட்டியா, தூளா?" என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்டவனுக்குச் சம்பளம் கொடுத்துக் குடையச் சொல்கிற வேலையும் உலகத்தில் இருக்கிறது. மென்பொருளைச் சோதிப்பது. மற்றவர்கள் எழுதும் நிரலைச் சோதிக்க இவன் இன்னொரு நிரல் எழுதுவான். அது தானாக ஓடி, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு காட்டும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எனக்குப் பச்சை என்றால் போகலாம், அவ்வளவுதான். இவனுக்குப் பச்சையைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும்.

அவன் கம்பெனி தனியாக வாழ்கிறவர்களுக்காக ஒரு பட்டன் செய்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அமுக்கினால், முன்பே கொடுத்து வைத்த நம்பர்களுக்கு வரிசையாகப் போன் போகும்; எடுத்தவரோடு அதிலேயே பேசலாம். எங்கள் சித்தி மூன்றாவது மாடியில் ஒண்டியாக இருக்கிறாள். அம்மா போன பிறகு எங்களுக்கு அம்மாவும் அவள்தான். ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழுந்து, நான் தற்செயலாகப் போகும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தாள். அதிலிருந்து வண்டியில் உட்கார்ந்தாலும் எனக்கு நினைப்பெல்லாம் அங்கேதான். விற்பனைக்கு வருமுன்பே ஒரு பட்டனைக் கொண்டுவரச் சொல்லித் தம்பியின் உயிரை எடுத்தேன்.

கொண்டுவந்து மாட்டிவிட்டு, "அமுக்குங்க சித்தி" என்றான். அமுக்கினாள். என் போன் என் கையிலேயே இருந்தது. சத்தமே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா செஞ்சீங்கடா! உசுரு போனப்புறம் அடிக்குமா?"

"வாயைக் கழுவுடி" என்றாள் சித்தி.

அவன் முகத்தில் கவலையையே காணோம். புதுப் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி கண் விரிந்தது. "அக்கா, ஆபீஸ்ல எல்லா டெஸ்டும் பச்சை. கீழ் வீட்டு ஐயாவுக்கு நேத்து ஒண்ணு மாட்டினேன், அவர் குடுத்த மூணு பேருக்கும் அடிச்சுது. இங்க மட்டும் ஏன்? சித்தி, எத்தனை நம்பர் குடுத்தீங்க?"

"ஒண்ணுதான். இவளோடது."

"என்னோடது?"

"நீ என்னைக்குடா போனை எடுத்திருக்கே?"

அவன் தன் நம்பரையும் சேர்த்தான். இரண்டு போனும் அடித்தன. நீக்கினான். மறுபடி ஊமை. அப்படியே தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்து குடைய ஆரம்பித்துவிட்டான்.

கடைசியில் விஷயம் இதுதான். நம்பர்களைப் பட்டியலாகத்தான் வைக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தபோது, ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பை எதற்கு என்கிற கடைக்காரர் போல, நிரல் எழுதியவர் பட்டியல் போடாமல் நம்பரை வெறுமனே வைத்துவிட்டார். போன் போடும் நிரலுக்கு அது தெரியுமா? பட்டியல் என்று நம்பி ஒவ்வொன்றாக எடுத்தது. முதல் இலக்கத்துக்கு ஒரு போன், அடுத்த இலக்கத்துக்கு ஒரு போன். என் நம்பரை நறுக்கி நறுக்கிப் போட்டிருக்கிறது.

"அப்போ உங்க டெஸ்ட் என்னத்தைக் கிழிச்சுது?"

"சித்தி நம்பரைப் பதிஞ்சப்போ, உள்ள ஏதாவது இருக்கான்னு எண்ணிப் பாத்துதுக்கா. அதான் வரிசையா இலக்கம் இருக்கே, பச்சை காட்டிடுச்சு. இருக்கிறது என்ன வகைன்னு யாருமே கேக்கலை."

அதோடு, ஆபீசில் சோதனைக்காகக் கற்பனையில் செய்த ஆட்கள் எல்லோருக்கும் அப்பா, அம்மா, மனைவி, நண்பன் என்று ஒரு கூட்டமே இருந்ததாம். ஒரே ஒருத்தர் மட்டும் உள்ள ஆளை அங்கே யாருக்கும் கற்பனை செய்யத் தோன்றவில்லை. அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் போய் மனசு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் மேலாளரிடம் சொல்லியிருக்கிறான். "ரெண்டு நம்பர் கட்டாயம்னு போட்டுடு, தீந்துது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பா. இத்தனை டெஸ்ட் பச்சை, திங்கக்கிழமை விற்பனை" என்றாராம் அவர்.

"பானைக்குள்ள இருக்கிறது சோறுதானான்னு மொதல்ல பாக்கணும் சார். அப்புறம், ரெண்டாவது ஆளுக்கு எங்க போவாங்க? ஒருத்தர் மட்டும் இருக்கிறவங்கதானே இதை வாங்குவாங்க!"

முறைத்துவிட்டுச் சனிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். இவன் புதிதாகச் சோதனைகள் எழுதினான். முதல் கேள்வி, இது பட்டியல்தானா? அடுத்தது, உள்ளே உள்ள ஒவ்வொன்றும் முழு நம்பர்தானா? கூடவே, ஒரே ஒரு சொந்தம் உள்ள ஆட்களையும் கற்பனை செய்து சேர்த்தான். ஓட்டினால் வரிசையாகச் சிவப்பு. "அவங்க சாப்பிடுற மருந்துப் பேரைப் பதிஞ்சு வைக்கிற இடத்துலயும் இதே தப்புக்கா!" என்று என்னவோ பரிசு விழுந்த மாதிரி எனக்குப் போன் போட்டுக் குதிக்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாம் சரிசெய்த பிறகு சித்தி அமுக்கினாள். என் போன் அடித்தது.

சில வாரம் கழித்து ஒரு முற்பகல், ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"விளையாடுறீங்களா சித்தி?"

"இல்லடி. விழுந்துட்டேன்."

அந்தப் பெண்ணைப் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளிவிட்டு நானே ஓட்டினேன். போனை வைக்கவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டு, "ஈரக் காலோட யாரு நடக்கச் சொன்னது? அசையாதீங்க, அசைஞ்சீங்கன்னா பாருங்க!" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கத்திக்கொண்டே போனேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த குடைச்சல் முதலில் கேட்டது, "அமுக்கி எவ்வளவு நேரத்துல அடிச்சுது?"

அறையலாம் போலிருந்தது. "மொதல்ல சித்தியைப் பாருடா!"

பார்த்தான். அவ்வளவுதான், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான்.

"எதுக்குடா அழறே?" என்றாள் சித்தி. "போன தடவை கூரையைப் பாத்துக்கிட்டே கெடந்தேன். இந்தத் தடவை இவ வழி பூரா திட்டிக்கிட்டே வந்தா. எழுந்திரிக்கத்தான் முடியலை. தனியா இல்லடா."